பாடம் கற்ற தீப்பெட்டிகள்

ஒரு தீப்பெட்டிக்கு எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்று 1961-இல் செய்து காட்டினார் டொனால்ட் மிக்கி. அப்போது அவர் எடின்பரோவில் உயிரியல் ஆய்வாளர். பயன்படுத்தக் கணினி கிடைக்கவில்லை. 304 தீப்பெட்டிகளையும் ஒன்பது நிற மணிகளையும் வைத்தே எக்ஸ்-ஓ ஆட்டம் ஆடும் ஓர் இயந்திரத்தை அமைத்தார். ஆட ஆட அது தேறியது. அதன் பெயர் 'மெனஸ்'.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. முதல் ஆட்டக்காரர் எப்போதும் மெனஸ்தான். அதன் முறை வரும்போது பலகையில் என்னென்ன நிலைகள் இருக்கக்கூடுமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பலகையைத் திருப்பிப் பார்த்தாலோ கண்ணாடியில் பார்த்தாலோ ஒன்றாகிவிடும் நிலைகளுக்கு ஒரே பெட்டி போதும். தேர்வுக்கே இடமில்லாத கடைசி நகர்வுக்குப் பெட்டி வேண்டாம். இப்படிச் சுருக்கிய கணக்குதான் 304. பெட்டிகளுக்குள் நிற மணிகள் இருக்கும்; ஒவ்வொரு நிறமும் பலகையின் ஒரு கட்டத்தைக் குறிக்கும். உரிய பெட்டியைக் குலுக்கிச் சாய்த்தால் ஒரு மணி முனைக்கு உருண்டு வரும். அதன் நிறம் காட்டும் கட்டத்தில் மெனஸின் குறியைப் போட வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் படிப்பு தொடங்குகிறது. மெனஸ் வென்றால், பயன்பட்ட ஒவ்வொரு பெட்டியிலும் அதே நிறத்தில் மூன்று மணிகள் கூடுதலாகச் சேரும். சமநிலை என்றால் ஒரு மணி சேரும். தோற்றால், வெளியே வந்த மணி திரும்ப உள்ளே போகாது. வெற்றி தந்த நிறம் பெருகப் பெருக, அடுத்த முறை அதுவே உருண்டு வரும் வாய்ப்பு கூடுகிறது.

இதில் நுட்பமான ஒரு கேள்வி உண்டு. நான்கு நகர்வுகள் ஆடித் தோற்றால், குற்றம் எந்த நகர்வுடையது? மிக்கி மணிகளின் எண்ணிக்கையிலேயே விடை வைத்தார். முதல் நகர்வின் பெட்டியில் ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு மணிகள்; அடுத்தடுத்த நகர்வுகளின் பெட்டிகளில் மூன்று, இரண்டு, ஒன்று. தோல்விக்கு மிக அருகில் செய்த தவறு ஒரே அடியில் அழிந்துவிடும். தொடக்கத்தில் செய்த தேர்வுக்கோ, பலமுறை தோற்ற பிறகே அந்தக் கதி. தண்டனை பொறுப்புக்கு ஏற்ப அமைந்தது.

மிக்கியே எதிராளியாக உட்கார்ந்து 220 ஆட்டங்கள் ஆடினார். சரியாக ஆடினால் சமநிலைதான் கிடைக்கும் என்ற இடத்துக்கு மெனஸ் விரைவிலேயே வந்துவிட்டது. அதை ஏமாற்ற அவர் வழக்கத்துக்கு மாறான நகர்வுகளை முயன்றார். அதற்கும் அது பழகிக்கொண்டது. இறுதியில் அதிகம் தோற்றவர் அவர்தான்.

இந்தச் சிந்தனையின் விதை போர்க்காலத்தில் விழுந்தது. 1923-இல் ரங்கூனில் பிறந்த மிக்கி, 1943-இல் ஜப்பானிய மொழி படிக்க விரும்பினார். அந்த வகுப்பு நிரம்பியிருந்ததால் சங்கேத எழுத்துக் கலை வகுப்பில் சேர்ந்தார். அது அவரை பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜெர்மானிய ராணுவத்தின் லோரன்ஸ் சங்கேதத்தை உடைக்கும் பணியில், கொலோசஸ் கணினிக்குப் புதிய பயன் ஒன்றைக் கணிதவியலாளர் ஜாக் குட்டுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். அங்கே கணிதவியலாளர் ஆலன் டூரிங்குடன் சதுரங்கம் ஆடியபடி, இயந்திரம் அனுபவத்தால் கற்குமா என்று பேசினார். போருக்குப் பின் உயிரியலுக்குப் போய் மரபியலில் முனைவர் பட்டம் பெற்றும், அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1960-களில் எடின்பரோவை இயந்திர அறிவுக்கான பெரிய மையமாக்கினார். மெனஸின் முறையையே வளர்த்து, ஓடும் வண்டியின் மேல் கழியை விழாமல் நிறுத்தும் வித்தையை 1968-இல் கணினிக்குப் பழக்கினார். அவரது குழு செய்த 'ஃப்ரெடி' என்ற ரோபோ, குவியலாகக் கிடந்த மரத்துண்டுகளைப் பார்த்து அடையாளம் கண்டு, பொம்மைக் காராகப் பூட்டியது. 1973-இல் லைட்ஹில் அறிக்கை இயந்திர அறிவுத் துறையைக் கடுமையாக விமர்சித்தது. பிரிட்டனில் நிதி சுருங்கியது. மிக்கி ஓயவில்லை, 1983-இல் கிளாஸ்கோவில் டூரிங் நிறுவனம் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார்.

2016-இல் கோ ஆட்டத்தில் லீ சேடோல் என்ற வீரரை வென்ற ஆல்பாகோ என்ற கணினி நிரலும், மெனஸைப் போலவே, தன் ஆட்டங்களின் முடிவுகளிலிருந்து கற்றதுதான். மணிகளின் இடத்தில் எண்கள், அவையோ ஏராளம். மெனஸ் ஏன் ஒரு கட்டத்தைத் தேர்ந்தது என்று அறிய, பெட்டியைத் திறந்து மணிகளை எண்ணினால் போதும். இன்றைய பேரியந்திரங்களை அப்படித் திறந்து பார்க்க முடிவதில்லை. இந்தச் சிக்கலையும் மிக்கி முன்பே கண்டார். இயந்திரம் கற்றால் மட்டும் போதாது, கற்றதை மனிதருக்கு விளக்கி அவர்களையும் தேறச் செய்ய வேண்டும். கற்றலின் உயர்ந்த அளவுகோல் அதுவே என்று 1988-இல் எழுதினார். 2007-இல் அவர் மறைந்தார். இயந்திரங்களின் திறன் பன்மடங்கு வளர்ந்துவிட்ட இன்று, நாம் அவற்றிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் கேட்ட அந்த விளக்கத்தைத்தான்.