கிடங்கிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு: ரஷ்ய ஓபரா உடைகள், அன்றும் இன்றும்

மூசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' 1874இல் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் காட்சித்திரைகளில் பெரும்பாலானவை, 1870இல் புஷ்கினின் அதே பெயர் கொண்ட நாடகத்துக்காகச் செய்து வைத்திருந்தவை. அன்றைய அரசவை அரங்குகளில் இது இயல்பு. ஒன்றுக்குத் தைத்ததும் வரைந்ததும் கிடங்குக்குப் போகும். அடுத்த நாடகத்துக்கு அங்கிருந்தே வெளியே வரும். பாடகர் எதை உடுத்துகிறார் என்பதைக் கலைப் பிரச்சினையாக எண்ணியவர்கள் மிகச் சிலர்.

இந்த நிலை மாற ஓர் அரசாணை வழிவிட்டது. பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ ஆகிய தலைநகரங்களில் நாடகம் நடத்தும் உரிமை அதுவரை அரசவை அரங்குகளுக்கே இருந்தது. 1882இல் அந்த ஏகபோகம் ஒழிந்தது. ரயில்பாதைத் தொழிலில் பொருளீட்டிய சாவ்வா மாமொன்தொவ் 1885இல் மாஸ்கோவில் தனியார் ஓபராவைத் தொடங்கினார். அவருடைய அப்ராம்ட்செவோ பண்ணைவீட்டில் ஓவியர்கள் கூடுவார்கள்; சுற்றுவட்டாரக் கிராமங்களின் மரச்செதுக்கு வேலைகளை அவர் மனைவி எலிசவேத்தா சேகரித்து வந்தார். உடைகளை வடிவமைக்கும் வேலையை மாமொன்தொவ் அந்த ஓவியர்களிடமே ஒப்படைத்தார்.

விக்தோர் வாஸ்நெத்சோவ் முதலில் 'பனிக்கன்னி' நாடகத்தை மாமொன்தொவ் வீட்டில் நடத்த உடை வரைந்தார். அதில் பனித்தாத்தாவாக அவரே நடித்தார். பிறகு 1885இல், அதே கதையைக் கொண்ட ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஓபராவுக்கு அந்த ஓவியங்களை விரித்தெடுத்தார். குடியானவப் பெண்களின் கையில்லாத நீள அங்கியான சரஃபானும் நாட்டுத்துணிச் சட்டையும் பூவேலைக் கரையும் பெருநகர மேடையில் அழகாக நின்றன. அந்த ஓவியத்தாள்கள் இன்று திரெத்யகோவ் காட்சியகத்தின் சொத்து. அந்த வட்டத்து ஓவியர் விருபெல் இன்னொரு திசையில் போனார். 1900இல் 'சல்தான் மன்னனின் கதை' ஓபராவில் அன்ன இளவரசியாகப் பாடிய நதேழ்தா ஸபேலா அவருடைய மனைவி. மனைவிக்காக வரைந்த உடையிலும், அதே ஆண்டு தீட்டிய 'அன்ன இளவரசி' ஓவியத்திலும் ஒரே கனவு தெரிகிறது.

1908இல் கலைநிகழ்ச்சி அமைப்பாளர் தியாகிலெவ் 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். ஷல்யாபின் போரிஸாகப் பாடினார். உடைகள் இவான் பிலிபினுடையவை. பிலிபின் 1902 முதல் 1904 வரை வோலொக்தா, அர்ஹாங்கெல்ஸ்க் போன்ற வட மாகாணங்களில் அலைந்து, ரஷ்ய அருங்காட்சியகத்துக்காகப் பழைய உடைகளைச் சேகரித்தவர். ஒரு சரஃபானின் கரை எங்கே முடிய வேண்டும் என்பதைக் கிராமத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கற்றவர் என்பதால், அவர் வரைந்த பாயர் பிரபுக்களின் அங்கிகளில் துணியின் கனம் தெரியும்.

அடுத்த ஆண்டு தியாகிலெவின் குழுவுக்காக நிக்கோலாய் ரோரிக் 'இளவரசர் ஈகோர்' ஓபராவின் போலோவ்த்சிய நடனங்களுக்கு உடை அமைத்தார். பிற்காலத்தில் குல்லுப் பள்ளத்தாக்கின் நக்கர் கிராமத்தில் வாழ்ந்து 1947இல் மறைந்தாரே, அவரேதான். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புல்வெளி மக்களான போலோவ்த்சியருக்கு அவர் தேர்ந்தது மத்திய ஆசிய இக்கத் பட்டு. நம் போச்சம்பள்ளிச் சேலையைப் போல, நெய்யும் முன்பே நூலுக்குச் சாயமேற்றும் துணி அது. போலோவ்த்சியர் அதையா உடுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் கேட்கலாம். ரோரிக் தொல்லியலும் கற்றவர். அந்தக் கேள்வி அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் மங்கிய ஓரங்களோடு எரியும் அந்த நிறங்களைத் தேர்ந்தார். வரலாற்று உடை கலையாவது இந்தத் துணிவில்தான் என்பேன். அச்சு அசலாக நகலெடுத்தால் அது ஆவணம் மட்டுமே.

இன்று அந்த இக்கத் அங்கிகள் ஆடுவதில்லை. தியாகிலெவ் குழுவின் உடைகள் 1967 முதல் லண்டனில் ஏலம் போயின. பல லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கான்பெராவின் தேசியக் காட்சியகத்திலும் உள்ளன. பட்டு வெளிச்சத்தில் நைந்துபோகும் என்பதால் மங்கிய விளக்கில், சில காலம் மட்டுமே காட்டுவார்கள். அருகில் போனால் அக்குளில் வியர்வைக் கறையும் ஒட்டுத்தையலும் தெரியும்.

மேடையும் மாறிவிட்டது. திமித்ரி செர்னியகோவ் 2014இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் 'இளவரசர் ஈகோர்' ஓபராவை இயக்கியபோது, போலோவ்த்சிய முகாம் பாப்பிப் பூவயலாயிற்று. வீரர்கள் இருபதாம் நூற்றாண்டுச் சீருடையில் வந்தார்கள். அதே இயக்குநர் 2020இல் மாஸ்கோ போல்ஷோய் அரங்கில் 'சத்கோ' ஓபராவை இயக்கியபோது, இன்றைய மனிதர்களைப் பழைய ஓவியர்களின் காட்சிகளுக்குள் உலவவிட்டார். கோட்டு சூட்டில் ஓபரா பாடுவதை நான் குறை சொல்லவில்லை. மன்னன் போரிஸின் குற்ற உணர்வுக்கு ஜரிகை தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு ரஷ்ய ஓபராவும் கடைத்துணிக்கு மாறினால், கனத்த துணியை விளக்கொளிக்கு ஏற்ப வெட்டவும் பூவேலை செய்யவும் தெரிந்த கைகளுக்கு வேலை இருக்காது. ஓவியத்தாள் பேழைக்குள் பத்திரமாக இருக்கும்; அதை உடையாக்கும் தொழில் அப்படி இருக்காது.

அதனால்தான், ஃபியோதர் ஃபெதரோவ்ஸ்கி 1948இல் வடிவமைத்த 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவைப் போல்ஷோய் அரங்கு புதுப்பித்து, இந்த நூற்றாண்டிலும் மேடையேற்றியதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். நெஸ்தெரென்கோ போரிஸாகப் பாடும் அதன் 1978ஆம் ஆண்டுப் பதிவு கிடைக்கிறது. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் முடிசூட்டுக் காட்சியை மட்டுமாவது பாருங்கள்.