செம்பரத்தையும் கத்தரிக்கோலும்

1960ஆம் ஆண்டில் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற செம்பரத்தையை 'புங்கா ராயா' என்பர் மலாய் மக்கள். இதன் மலர் பெரும்பாலும் ஒரு நாளே நிற்கும். ஆகவே நாள்தோறும் புது அரும்பு வேண்டும்; அரும்போ இளங்கிளைகளில்தான் தோன்றும். இதனை அறியாதார் செடியை வெட்ட அஞ்சுவர். வெட்டாத செடி வேலிக்கு மேல் உயர்ந்து, அடியில் வெறுங்கொம்பாய் நின்று, உச்சியில் மட்டும் பூக்கும். பூசைக்குப் பறிக்க ஏணி தேடவேண்டியதுதான்! ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலாக நறுக்குதல் நலம். நறுக்கிய குச்சியில் முற்றியதை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். நல்ல வெயில் வேண்டும். வேரடியில் மழைநீர் தேங்கலாகாது. தளிர் சுருண்டு, வெண்பஞ்சு ஒட்டியதுபோல் காணப்பட்டால் அது மாவுப்பூச்சி. எறும்புகள் வரிசையாய் ஏறும் கிளையை முதலில் பார்க்க வேண்டும். அத்தளிரைச் செடியடியில் போடாமல், கிள்ளி எரித்துவிடுக.