பாசியும் ஒரு சுவடியே

ஏட்டுச் சுவடிகளின் அருமையை அறிந்த தமிழாசிரியனாகிய எனக்கு, உலர்ந்த கடற்பாசியும் ஒரு சுவடியாகவே தோன்றுகிறது. 1853இல் நெடுங்கடற் பயணம் புறப்பட்ட அயர்லாந்து அறிஞர் வில்லியம் ஹென்றி ஹார்வி, இலங்கைக் கரைகளிற் பாசிகளைத் திரட்டினார். அவர் தொகுதிகள் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிற் பேணப்படுகின்றன.

பாசியை நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செலுத்தி ஏந்தி, மேலே துணி பரப்பி, அழுத்தி உலர்த்துவர். பல பாசிகள் தம் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். ஈரமும் பூச்சியும் அணுகாது காப்பின் நூற்றாண்டு கடந்தும் நிலைக்கும். ஆயின், எடுத்த இடமும் நாளும் குறித்த சீட்டு நீங்குமாயின், அது தலைப்பும் முடிவும் இழந்த ஒற்றை ஏடே. எக்கரையில் எக்காலத்தில் எது வளர்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

கொக்கட்டிச்சோலை மாணவர்காள்! நம் வாவியிற் பாசி எடுப்பீராயின், முதலில் இடமும் நாளும் எழுதுமின்.