டியாட்லோவ் மர்மமும் டிஸ்னி பனியும்

டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' (2013) படத்தை வீட்டுக் குழந்தைகளோடு நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலடியில் நொறுங்கும் பனி, பொதபொதவென்று சரியும் பனி, எல்லாம் நிஜம் போலவே இருக்கும். அந்தப் பனியை உருவாக்கிய புரோகிராம், 9 பேர் இறந்த ஒரு வழக்கின் விசாரணைக்கும் உதவியது என்றால் நம்புவீர்களா?

சம்பவம் நடந்தது 1959-ல், ரஷ்யாவின் யூரல் மலையில். இகோர் டியாட்லோவ் என்ற 23 வயது இளைஞரின் தலைமையில் 10 பேர் பனிச்சறுக்குப் பயணம் கிளம்பினார்கள். உடல்நிலை சரியில்லாமல் பாதியில் திரும்பிய ஒருவர் பிழைத்துக்கொண்டார். மற்ற 9 பேரும் பிப்ரவரி 1 மாலை ஒரு சரிவில் பனியை வெட்டிச் சமமாக்கிக் கூடாரம் அடித்தார்கள். அதன் பிறகு அவர்களை யாரும் உயிரோடு பார்க்கவில்லை.

தேடிப் போனவர்கள் கண்டது விசித்திரமான காட்சி. கூடாரம் உள்ளிருந்தே கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. ஷூக்களும் கோட்டுகளும் உள்ளேயே கிடந்தன. காலடித் தடங்கள் காட்டை நோக்கிச் சென்றன. 6 பேர் குளிரில் விறைத்து இறந்திருந்தார்கள். 3 பேருக்கு விலா எலும்பு, மண்டையோட்டு முறிவுகள். ஆனால் வெளிக்காயம் அதிகமில்லை. 'இனம் தெரியாத இயற்கைச் சக்தி' என்று எழுதி சோவியத் அதிகாரிகள் ஃபைலை மூடிவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? பறக்கும் தட்டு, பனி மனிதன், ரகசிய ஆயுதம் என்று கதைகள் கிளம்பின.

பனிச்சரிவுதான் காரணம் என்று முன்பே சிலர் சொன்னார்கள். சரிவு அவ்வளவு செங்குத்து இல்லையே, கூடாரம் அடித்துப் பல மணி நேரம் கழித்து எப்படிச் சரியும் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். நியாயமான கேள்விகள்தான்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் யோஹான் கோம், அலெக்ஸாண்டர் புஸ்ரின் இருவரும் 2021-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூடாரத்துக்காக வெட்டியதில் மேலே இருந்த பனிப்பாளம் பிடிமானம் இழந்தது. காற்று அதன்மேல் மேலும் மேலும் பனியைக் கொண்டுவந்து குவித்தது. அவர்கள் கணக்குப்படி 7.5 முதல் 13.5 மணி நேரத்துக்குள் பாளம் சரிந்திருக்கலாம்.

சரி, எலும்பு முறிவு? இங்கேதான் டிஸ்னி வருகிறது. பனி திடப்பொருள் போல நிற்கும், திரவம் போல ஓடவும் செய்யும். அதனால் கம்ப்யூட்டரில் அதைப் பிடிப்பது கடினம். படத்தில் பயன்பட்ட முறையில் பனி, எண்ணற்ற புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் தன் எடையையும் வேகத்தையும் சுமந்து செல்லும். பின்னணியில் உள்ள கட்டங்களில் விசைகள் கணக்கிடப்படும். படத்தைப் பார்த்து வியந்த கோம், ஹாலிவுட்டுக்கே போய் அதன் பனி அனிமேஷனைச் செய்தவரைச் சந்தித்து, புரோகிராமைத் தன் ஆய்வுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். மோதினால் எலும்பு எப்போது உடையும்? அதற்கு 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இறந்தவர்களின் உடல்களை வைத்துச் செய்த கார் விபத்துச் சோதனை விவரங்கள் கைகொடுத்தன.

அந்த 9 பேரும் படுத்திருந்தது, கீழே பரப்பிய பனிச்சறுக்குக் கட்டைகளின் மேல். முதுகுக்கு அடியில் கட்டை, மார்பின் மேல் பனிப்பாளம். சுமார் 5 மீட்டர் நீளமுள்ள பாளமே விலா எலும்பை முறிக்கப் போதும். உயிர் உடனே போகாது என்றது சிமுலேஷன்.

மர்மம் முழுதும் தீர்ந்தது என்று இந்த இருவரும் சொல்லவில்லை. சில துணிகளில் கதிரியக்கம் எப்படி வந்தது என்பதற்கு அவர்களின் புரோகிராமில் விடை இல்லை. 2020-ல் ரஷ்ய அரசு வழக்கறிஞர்களும் பனிச்சரிவு என்றே அறிவித்தார்கள். இறந்தவர்களின் உறவினர்கள் அதை ஏற்கவில்லை.