நல்லவராகப் படைக்கப்பட்டவர் விழுந்தது எப்படி?

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஒரே லயத்தில் வாழ்கிறார்கள். பாவத்தின் தொடக்கம் பற்றி அவர்களுடைய சமயங்கள் சொல்வதோ வேறு வேறு. சைவ சித்தாந்தப்படி உயிரைக் கடவுள் படைக்கவில்லை. செம்பில் களிம்புபோல ஆணவம் என்னும் அழுக்கு அநாதியாகவே உயிரோடு இருக்கிறது. நல்லது எப்படிக் கெட்டது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தோட்டத் தமிழரிடையே 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கொண்டுவந்த போதனையில் அது எழாமல் இருக்க முடியாது. எல்லாவற்றையும் கடவுள் நல்லதாகவே படைத்தார் என்றால், ஆதாமும் தேவதூதர் சிலரும் விழுந்தது ஏன்?

கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீனின் (354–430) விடை இன்னும் வலுவானது என்றே நினைக்கிறேன். இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டது நல்லதாயினும் மாறக்கூடியது. பாவம் என்பது கெட்ட பொருளைத் தேடுவதல்ல, பெரிய நன்மையை விட்டுச் சிறியதைப் பற்றுவது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் தராசு காட்டிய எடையில் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விரும்புவது மேலதிகாரியின் பாராட்டு. பாராட்டு கெட்டதல்ல, கொழுந்து பறித்தவளின் கூலிக்கு மேலாக அதை வைத்ததே கேடு. எப்போதும் நல்லதையே தெரிவுசெய்யும் சுதந்திர மனிதரைக் கடவுள் படைத்திருக்கலாமே என்று 1955இல் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தெரிவை முன்கூட்டியே கடவுள் முடித்துவைத்தால், அது அந்த மனிதருடைய தெரிவாகுமா? பரலோகத்தில் பாவம் செய்ய முடியாதவர்களுக்கும் சுதந்திரம் உண்டே என்றால், அவர்கள் கிருபையை ஏற்று அந்நிலைக்கு வந்தவர்கள். அப்படியும், குறிப்பிட்ட ஒருவர் ஏன் பெரிய நன்மையை விட்டுச் சிறியதைத் தெரிவுசெய்தார் என்பதற்கு அகுஸ்தீன் காரணம் தரவில்லை. அப்படித் தெரிவுசெய்தவருக்கு வெளியே ஒரு காரணம் காட்டியிருந்தால், பழியும் அங்கேயே போயிருக்கும்.