திரையில் பதம் பிரித்தல்

பழைய ஓலைச்சுவடி ஒன்றை எடுத்துப் படிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இராது, காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும், ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஓர் இடைவெளிகூட இராது. இத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, நெடுங்காலம் பிரயாசைப்பட்டு, உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது 1887-ஆம் ஆண்டில். அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பால பாடங்களிலும் புராண வசனங்களிலும் சந்தி பிரித்து, காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டு, சாமானியரும் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத்தக்க உரைநடையை அச்சில் நிலைநிறுத்தியிருந்தார். நூலின் பொருளில் ஓர் அணுவும் குறையாமல், அதைப் படிப்பதில் இருந்த வீண் சிரமத்தை மட்டும் நீக்கிக் கொடுத்த இவ்விருவருடைய உபகாரத்தை இன்று நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. இடைவெளியும் புள்ளியும் எழுத்தோடு கூடவே பிறந்தவை என்று எண்ணிக்கொள்ளும் அளவுக்கு அவை நமக்குப் பழகிவிட்டன.

அதே 1887-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் வைத்தியர் ருடால்ஃப் பெர்லின், மூளை நோயினால் படிக்கும் சக்தியை இழந்த சில பெரியவர்களைப் பற்றி எழுதிய நூலில் 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை வழங்கினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1896-இல், இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர், எந்த நோயும் இல்லாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், விளையாட்டில் சளைக்காதவன், கண் பார்வையில் குற்றமில்லை, ஆயினும் அச்சிட்ட எழுத்து அவனுக்கு வசப்படவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் அபிப்பிராயப்பட்டதாகவும் மார்கன் குறித்திருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளைகளை மக்கு என்றும் சோம்பேறி என்றும் சொல்லி அடித்துத் திருத்த முயன்ற பெரியவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்தார்கள். நம்முடைய தேசம் அதற்கு விலக்கன்று.

டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு என்றும், எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்றும் பலர் நினைப்பது சரியன்று. பேச்சின் ஒலியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, அந்தக் கூறுகளை எழுத்தோடு விரைந்து பொருத்தும் வேலையில்தான் பெரும்பாலோருக்கு இடர்ப்பாடு ஏற்படுகிறது. ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒருபுறமும் உச்சரிப்பு ஒருபுறமுமாக நில்லாமல், எழுதியபடி ஒலிக்கும் தன்மை தமிழுக்கு ஓரளவு உண்டாகையால், தமிழ்ப் பிள்ளையிடம் இக்குறை பிழையாக வெளிப்படுவதைக் காட்டிலும் மந்தமான வாசிப்பாக வெளிப்படுவது அதிகம். ஆகவே அதைக் கண்டுகொள்வதும் தாமதமாகிறது. தமிழ் எழுத்துக்கென்றே சில கடினங்களும் உண்டு. 'கெ' என்பதில் மெய்யொலி முன்னே பிறந்து உயிரொலி பின்னே வருகிறது. எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பகல், பங்கு, பக்கம் ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 'படித்துக்கொண்டிருக்கிறார்கள்' போன்ற நெடுஞ்சொல்லின் நடுவில் வந்ததும், முன்பாதியை நினைவில் தாங்கிக்கொண்டே பின்பாதியை எழுத்தெழுத்தாகக் கூட்டவேண்டிய பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

இனி, சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலையை ஒட்டிய பனமரத்துப்பட்டிக்கு வருவோம். அரளித் தோட்டங்களுக்குப் பேர்போன அந்த ஒன்றியத்தில், மொட்டுப் பறித்துச் சேலம் பூச்சந்தைக்கு அனுப்பும் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு இந்தக் குறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில், முறையான சான்றிதழ் இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகள் அவனுக்குக் கிடைக்கும். தேர்வு முடிந்த பிறகோ அவனுடைய வாழ்க்கை பெரும்பாலும் ஒரு கைப்பேசியின் திரைக்குள் வந்துவிடுகிறது. மதிப்பெண் பார்ப்பதும், கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், உதவித்தொகைக்கும் வருமானச் சான்றுக்கும் மனுச் செய்வதும் வலைப்பக்கங்களில்தான். அங்கே கூடுதல் நேரம் தருவார் யாருமில்லை. படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. தேர்வு மண்டபத்தில் நாம் ஒப்புக்கொண்ட ஒரு நியாயத்தை வலைப்பக்கத்தில் மறந்துவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் நீள்வதால், இலத்தீன் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது; எழுத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். பத்திரிகைப் பத்திகளைப் போல இருபுறமும் ஓரம் சேர்த்து அடுக்கும் வழக்கத்தைத் திரையில் கைவிடவேண்டும். நம்முடைய சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களே அமையும். அவற்றை இழுத்து இரு ஓரத்தையும் நிரப்பினால் நடுவில் பெரும் பள்ளங்கள் விழுந்து, வரியைப் பின்தொடரும் கண் வழி தவறுகிறது. இடப்புறம் மட்டும் சீராக நின்று வலப்புறம் ஏறியிறங்கி முடியும் வரியில், தான் எங்கே இருக்கிறோம் என்பது வாசகனுக்கு எளிதில் புலப்படும். பத்திகள் சிறியனவாகவும், ஒவ்வொன்றுக்கும் விஷயத்தைச் சொல்லும் தலைப்பு உடையனவாகவும் இருப்பின், முழுவதையும் படிக்க இயலாதவனும் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்றே வரைந்த தனி எழுத்துருக்கள் சில மேல்நாட்டில் உண்டு. டிஸ்லெக்சி, ஓப்பன் டிஸ்லெக்சிக் என்ற அவ்விரண்டின்மீதும் பலர் நம்பிக்கை வைத்தனர். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2016-இல் வெளியான ஆய்வு, முதலாவது எழுத்துருவினால் வந்த நன்மை அதன் வடிவத்தைச் சார்ந்ததன்று, அதில் அமைந்த அகன்ற இடைவெளியைச் சார்ந்ததே என்று கண்டது. 2012-இல் இத்தாலியப் பிள்ளைகளையும் பிரெஞ்சுப் பிள்ளைகளையும் கொண்டு நடத்திய ஆய்வும், எழுத்துகளுக்கு இடையே இடம் விட்ட மாத்திரத்தில் பிழை குறைந்து வேகம் கூடியதைக் காட்டிற்று. நாவலரும் ஐயரும் தமிழுக்குச் செய்ததும் இந்த வழியைச் சேர்ந்ததே அல்லவா? தமிழில் இதைக் கையாளும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: கொம்பும் காலும் தத்தம் மெய்யைவிட்டு விலகிப்போகாதபடி, முழு எழுத்துக்கும் முழு எழுத்துக்கும் இடையிலேயே இடைவெளி விழவேண்டும். சொற்களுக்கு இடையிலும் அதற்கேற்ப இடத்தைக் கூட்டவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தமிழுக்குரிய நியமமாக ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும், பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு, தாளில் அச்செடுத்து, முத்திரையிட்டு, அந்தத் தாளைப் படம்பிடித்து வலைத்தளத்தில் ஏற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படத்துக்குள் அடைபட்ட எழுத்தைப் பெரிதாக்கினால் அது திரையைவிட்டு வெளியே ஓடுகிறது. அதில் வரி இடைவெளியைக் கூட்ட இயலாது. நிறத்தை மாற்ற இயலாது. இன்றைய கைப்பேசிகள் தமிழை வாய்விட்டுப் படித்துக்காட்டும் திறமை பெற்றிருக்கின்றன. படிக்கத் திணறும் ஒருவனுக்கு, வரியைப் பார்த்துக்கொண்டே அதைக் காதாலும் கேட்பதைவிடப் பெரிய துணை வேறில்லை. அந்தத் துணையைப் படமாக ஏற்றிய ஒரு சுற்றறிக்கை பறித்துவிடுகிறது. சென்னையில் 1992 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், அவாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, புத்தகப் பக்கத்தைப் படமெடுத்தால் அதைப் படித்துக்காட்டித் திணறும் சொல்லுக்குக் குறிப்பும் தரும் செயலி ஒன்றைப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. அச்சுப் புத்தகத்துக்கு இவ்வளவு பிரயாசை அவசியம். முதலிலேயே எழுத்தாக ஏற்றக்கூடிய அறிவிப்புக்கு இது அவசியமே இல்லை.

கவனம் ஓரிடத்தில் நில்லாமல் அலையும் ஏ.டி.எச்.டி. உள்ளவருடைய சங்கடம் வேறு வகையானது. எழுத்து அவருக்கு எதிரியன்று. எழுத்தைச் சுற்றி அசைவனவே எதிரி. பக்கத்தின் தலைமாட்டில் இடைவிடாது ஓடும் அறிவிப்பு வரி, தானாகவே பாடத் தொடங்கும் காட்சி, படிக்கும்போதே குறுக்கே எழும் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் அவர் சேர்த்துப் பிடித்த கவனத்தைக் கலைத்துவிடுகிறது. விட்ட இடத்தைத் தேடி அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். டபிள்யூ த்ரீ சி என்னும் சர்வதேச அமைப்பின் வழிகாட்டி நெறிகள், தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்துவதற்கு வாசகனுக்கு வழி தரவேண்டும் என்று விதிக்கின்றன. நேரம் கடந்ததென்று பாதி நிரப்பிய விண்ணப்பத்தை அழித்துவிடாமல், அவகாசம் நீட்டிக்கவும் வழி கேட்கின்றன. முறுக்கிய எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிட்டாலன்றி உள்ளே விடாத பூட்டுகளுக்கு மாற்று வழி வைக்கவேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. அந்தப் பூட்டின் முன் அதிகம் தோற்பவர்கள் டிஸ்லெக்சியா உள்ளவர்களே.

நடையைப் பற்றியும் சொல்லவேண்டும். சாவகாசமாக அமர்ந்து வாசிப்பவருக்கு நீண்ட வாக்கியத்தில் ஓர் இன்பம் உண்டு. சான்றிதழுக்காகத் திரையைத் தடவிக்கொண்டிருப்பவனுக்கு அது இடையூறு. 'விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்' என்பதற்குப் பதிலாக, 'ரேஷன் கார்டு நகலையும் வருமானச் சான்றையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள்' என்று எழுதினால், குறையுள்ளவனுக்கு மட்டுமின்றி, அவனுக்குத் துணைவந்த பாட்டிக்கும் விஷயம் விளங்கும்.

சட்டம் இதற்குப் பக்கபலமாகவே நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. ஏ.டி.எச்.டி. அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. அது இடம்பெறவேண்டும் என்பது என் விருப்பம். அணுகல் வசதி என்பது வெறும் சிபாரிசாக நிற்கலாகாது, கட்டாய விதியாகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் கூறியது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணைய வழிச் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது. அரசு வலைத்தளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டி நூலும் 2023-இல் மூன்றாம் பதிப்பைக் கண்டிருக்கிறது.

இந்த விதிகள் ஒரு பக்கத்தில் உண்மையாகவே நிறைவேறினவா என்பதைச் சென்னையிலோ டெல்லியிலோ இருந்துகொண்டு அறிய முடியாது. ஒன்றியங்கள்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நன்கறிந்த சிறப்பு ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். புதிய விண்ணப்பப் பக்கம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன், பனமரத்துப்பட்டி போன்ற ஓர் ஒன்றியத்தில் அத்தகைய பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் ஒரு சாதாரணக் கைப்பேசியில் அதைக் கொடுத்து, யாரும் உதவாமல் அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள், எந்த வரியை இருமுறை படிக்கிறார்கள், எந்த இடத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்று அந்த ஆசிரியர்களைக் கொண்டு குறித்து வாங்கி, அந்தக் குறிப்பின்படி பக்கத்தைத் திருத்திய பிறகே வெளியிடவேண்டும்.