எல்.சி. வாங்கியாச்சா?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கூடவே மின்கம்பங்களும். வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்கள் வந்து குவிந்தும் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. கம்பம் நட இத்தனை நாளா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

கம்பிகள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டவை. ஒரு மரம் மேலே விழுந்தால் அந்த இழுப்பில் அடுத்தடுத்த கம்பங்களும் சாயும். சிதம்பரம் பக்கத்து நஞ்சைச் சேற்றில் கிரேன் இறங்காது. சிமெண்ட் கம்பத்தை ஆட்கள்தான் தோளில் சுமந்து போக வேண்டும். கம்பத்தின் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஈர மண்ணிலோ குழி தோண்டத் தோண்டச் சரியும்.

என்னைக் கேட்டால், கம்பத்தில் ஏறும் துணிச்சலைவிட ஏறுமுன் காட்டும் நிதானம்தான் பெரிது. லைன்மேன்கள் முதலில் கேட்பது, "எல்.சி. வாங்கியாச்சா?" லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. துணைமின் நிலையத்தில், வேலை நடக்கும் லைனுக்கு மின்சாரம் தரும் பீடரை நிறுத்தி, இன்னார் வேலை செய்கிறார் என்று பதிந்து தரும் அனுமதி. வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்வரை யார் சொன்னாலும் சப்ளை கொடுக்கக் கூடாது. பிறகு லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, அதன் கத்திகள் மூன்றும் விலகிவிட்டனவா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போதும் கம்பியில் கை வைப்பதில்லை. எர்த் ராடின் வாலை முதலில் பூமியோடு இணைத்து, அப்புறம்தான் நீண்ட காப்புக் கழியால் அதன் கொக்கியை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டுவார்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ்.

நிறுத்திய லைனுக்கு எதற்கு இவ்வளவு? கரண்ட் இல்லாதபோது வீட்டில் ஓட்டுகிறோமே, அந்த ஜெனரேட்டர்தான் காரணம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு ஒயரிங்கில் நேராகக் கொடுத்தால், 230 வோல்ட் கொல்லை வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் போய்விடும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மேல் கம்பியில் ஏற்றிவிடும். ஒரு வீட்டில் ஃபேன் சுற்ற, பக்கத்து ஊர்க் கம்பத்தில் இருப்பவருக்கு உயிர் போகும். எர்த் ராடு மாட்டியிருந்தால் அந்த மின்சாரம் பூமிக்கு இறங்கிவிடும்.

எல்லாம் முடிந்து சப்ளை கொடுத்ததும் சில ஊர்களில் கரண்ட் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடும். பெரும்பாலும் எங்கோ ஒரு கிளை கம்பியில் உரசிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, டார்ச்சும் கையுமாக லைன் நெடுக நடந்துதான் தேட வேண்டும்.